அலமாரிக்குள் ஒரு தும்மல்

"உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?"

ஜப்பானில் நாங்கள் இருந்த குடியிருப்பின் தலைவர் நோமுரா படியில் நிறுத்திக் கேட்டதும் "அஞ்சு" என்று சொல்லிவிட்டேன். வாடகை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. தொழிற்சாலை விடுதி மூடியதிலிருந்து வால்டிர் மாமா குடும்பமும் எங்களோடுதான். மொத்தம் பதினொரு பேர்.

"சனிக்கிழமை வந்து பாத்துக்கறேன்" என்றார். பொய் தெரிந்தால் வீடு போய்விடும்.

சனிக்கிழமை மாமா தன் இரட்டைப் பிள்ளைகளோடு குளியல் தொட்டியில் இறங்கி மூடியைப் போட்டுக்கொண்டார். நெயுசா அத்தை கைக்குழந்தையோடு பால்கனியில், காயும் மெத்தைக்குப் பின்னால். மிச்சம் மாமாவின் மூத்த பையன் வாக்னர்.

"டேய், அலமாரிக்குள்ள போ" என்றாள் அம்மா.

"நான் ஆறடி, அத்தை! எப்படிப் போவேன்?"

"அத்தனை மெத்தை மடிஞ்சு உள்ள இருக்குல்ல? நீயும் மடி!"

நோமுரா வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஜப்பானிய மொழி வணக்கத்தோடு சரி. பேச வேண்டியவள் நான். மொழி தெரிந்தும் வகுப்பில் வாய் திறக்க முடியாமல்தான் பள்ளியையே விட்டிருந்தேன்.

குளியலறையில் ஏதோ களுக்கென்றது.

"குழாய்" என்றேன். தம்பிகள் இருவரும் தலையணையைக் கடித்துக்கொண்டார்கள்.

அப்போது அலமாரி தும்மியது.

எங்கள் பிரேசில்காரர்களுக்குத் தும்மல் கேட்டால் வாய் சும்மா இருக்காது. "நூறாயுசு!" என்றாள் அம்மா. "நூறாயுசு!" என்றது குளியல் தொட்டி, மூன்று குரலில். "நூறாயுசுடா கண்ணு!" என்றது பால்கனி. "நன்றி!" என்றது அலமாரி.

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. நோமுரா என்னையே பார்த்தார்.

"பதினொரு பேர், ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. "அன்னிக்குச் சொன்னது பொய். அவங்களுக்குப் போக வேற இடமில்ல."

அவர் தாளில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஐந்து.

அம்மா நீட்டிய சீஸ் உருண்டைகளில் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்றுவிட்டார். ஆட்களையெல்லாம் ஒளித்த நாங்கள் காலணிகளை மறந்திருந்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மலையே கிடந்தது. அவர் குனிந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, அந்த ஊர் வழக்கப்படி நுனி வெளியே பார்க்க வரிசையாக வைத்தார். வாக்னரின் படகு போன்ற காலணிக்குப் பக்கத்தில் குழந்தையின் துணிச்செருப்பு.

தன்னுடையதை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.