பதினேழாவது அணி

எங்கள் சந்தில் நோன்புக்காலக் கால்பந்துப் போட்டியை நடத்துகிறவர் கசாப்புக்கடை ஹாஜி மித்வல்லி. கோப்பை அவருடையது, விசில் அவருடையது, சட்டமும் அவருடையதுதான். மாலை அஸர் தொழுகை முடிந்து தொடங்கினால், நோன்பு திறக்கும் பீரங்கி முழங்குவதற்குள் அன்றைய ஆட்டங்கள் முடிய வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடுகிற பையன்கள் என்பதால் ஒரு அணிக்கு நாளுக்கு ஒரே ஆட்டம். தோற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

இந்த வருடம் பதினாறு அணிகள். திங்கள் தொடக்கம், வியாழன் இறுதி. எதிர்வீட்டு உம் ஷுக்ரிக்கு அந்த வியாழன்தான் உயிர். அவள் மகன் ஷுக்ரி வெள்ளிக்கிழமை விடிந்தால் பட்டாளத்துக்குப் போகிறான். போகுமுன் ஒரு முறையாவது அந்தக் கோப்பையைத் தூக்கிவிட வேண்டும் அவனுக்கு.

ஞாயிறன்று ஹாஜியாரின் தங்கை மகன் ஹைதம் ஒரு அணியோடு வந்து நின்றான். மாமா உடனே சேர்த்துக்கொண்டார். உம் ஷுக்ரி மாவுக் கையோடு இறங்கி ஓடினாள். நான் பால்கனியில் முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்று அந்தக் கீரை ஆய்ந்து முடியவேயில்லை.

"ஹாஜியாரே, பதினேழுன்னா ஒரு நாள் கூடிடும். தெரியுமா உமக்கு?"

"ஒரே ஒரு டீமுக்கா? போன வருஷம் எட்டு டீம், இந்த வருஷம் பதினாறு. எட்டு கூட்டினதுக்கே ஒரு நாள்தான் கூடுச்சு. ஒண்ணுக்கு என்னம்மா கூடும், அரை மணி நேரம்!"

"கறி வெட்டுற மாதிரியே கணக்கும் வெட்டுறீரே! பாதி பாதியா வெட்டிப் பாரும். பதினாறு, எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு. நாலு வெட்டு, நாலு நாள். இப்ப பதினேழை வெட்டும். எட்டு ஜோடி, ஒருத்தன் மிச்சம். மறுநாள் ஒன்பது பேர். அப்புறம் அஞ்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அஞ்சு வெட்டு! முப்பத்திரண்டு டீம் வந்தாலும் அதே அஞ்சு நாள்தான். ஒரு மருமகனுக்காக ஒரு முழு நாளா? ஃபைனல் அன்னைக்கு என் புள்ள ரயில்ல இருப்பான்!"

ஹாஜியார் விரலை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார். முகம் ஈரல் நிறத்துக்குப் போனது.

"அப்ப திங்கக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் ஹைதம் டீமோட வேற ஒரு டீம் மோதட்டும். ஜெயிச்சவன் சாயங்காலம் இன்னொரு ஆட்டம் ஆடட்டும். நாலு நாள்லயே முடிஞ்சிடும்."

"நோன்போட ரெண்டு ஆட்டமா? உம்ம மருமகன் ஆடுவான். பள்ளிவாசல் சுவருக்குப் பின்னால சிகரெட் பிடிக்கிறவனுக்கு என்ன தாகம்?"

(அதை அவளுக்குச் சொன்னது நான்தான். பார்த்ததைத்தானே சொன்னேன்.)

அந்த வெயிலில் ஹைதமோடு மோத எந்த அணியும் வரவில்லை. ஷுக்ரிதான் கையைத் தூக்கினான். வேறு வழி? நாள் கூடினால் அவனுக்குத்தானே நஷ்டம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

உச்சி வெயிலில் ஹைதமை விரட்டி விரட்டி வென்றான். சாயங்காலம் காலைத் தூக்கவே முடியாமல், ரொட்டிக்கடைப் பொடியன்களிடம் தோற்றான். திங்கட்கிழமையே கோப்பைக் கனவு முடிந்தது.

வியாழனன்று சரியாக இறுதி ஆட்டம் நடந்தது. விசிலைக் கழுத்தில் சுழற்றியபடி ஹாஜியார் சந்துக்கே கேட்கச் சொன்னார்: "பாத்தீங்களா? நாலே நாள். அரை மணி நேரம்தான் கூடும்னு அன்னைக்கே சொன்னேன்!"

உம் ஷுக்ரி பால்கனியில் நின்று அதைக் கேட்டாள். மகனின் பையைக் கட்ட உள்ளே போய்விட்டாள். அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் மகனை ரயிலேற்றிவிட்டு வந்து, வழக்கம்போல ரொட்டிக்காகப் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினாள். ரொட்டிக்காரன் வருவதற்குள் ஹாஜியார் ஓடிவந்து ஒரு கிலோ ஈரலை அதில் வைத்தார்.

"ஷுக்ரியோட பங்கு, உம் ஷுக்ரி! மனசுல வெச்சுக்காதே."

கூடை மெதுவாக ஏறியது. இரண்டாம் மாடி வரை வந்து நின்றது. ஹாஜியார் சிரித்த முகத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

அவள் கயிற்றை விட்டாள்.