யூஜினாவின் பாதி

செபமாலை இரண்டு பேர் வேலை. மாலையின் ஐம்பது மணிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். யூஜினாவின் வீட்டில் முப்பத்தொரு வருஷமாக முன்பாதி புருஷன் சூசைரட்ணத்துடையது, பின்பாதி அவளுடையது. முகம் கொடுத்துப் பேசாமல் சண்டை போட்ட நாட்களில்கூட இந்தப் பாகப்பிரிவினை மாறியதில்லை. மாசி மாசத்தில் மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்றோடு வீட்டில் செபமும் நின்றது.

மகன் ஜெரோமிக்குக் கொழும்பில் கடை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "செபம் சொல்றீங்களாம்மா?" என்று கேட்பான். "சொல்றேன்ய்யா" என்பாள். பச்சைப் பொய். ஆண்டவர்மேல் அவளுக்குக் கோபம். கோபத்தைக்கூட விழுங்கிவிடலாம். முழங்காலில் நின்றால் பக்கத்தில் ஆளில்லை என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

அக்டோபர் வந்தது. அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் கூட்டமாகத் தூக்கி வந்து, மேசையில் வைத்து, செபமாலை சொல்லி, அவித்த கடலையைத் தின்று, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவார்கள். பாலத்தைத் தாண்டி, தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் இருந்த யூஜினாவின் முறை பதினேழாம் தேதி. அன்றைக்காவது யாராவது முன்பாதியைச் சொல்வார்கள், கூட்டத்தோடு கூட்டமாகத் தன் பாதியும் வெளியே வந்துவிடும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றும் வாய் திறக்காவிட்டால் மாலையை ஜெரோமியிடம் கொடுத்துவிட்டுச் செபத்தையே விட்டுவிடுவது என்றும் முடிவு பண்ணியிருந்தாள். எட்டு மாசம் பொறுத்தது போதும்.

அன்று பார்த்து மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நனைந்த கோழியாக வந்தவள், உடுப்பை மாற்றிக்கொண்டு கடலையை அவித்தாள். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தாள். பூவும் வைத்தாள். ஆறரை மணிக்கு, செபக் கூட்டத்தை நடத்தும் உபதேசியாரின் போன் வந்தது.

"யூஜினாக்கா, பாலத்துல தண்ணி ஏறிருச்சி. கீழ்க்கணக்குக்கு யாரும் எறங்க முடியாது. மாதா இன்னிக்கு மேல்கணக்குலயே இருக்கட்டும்."

"அப்ப செபம்?"

"நீங்களே சொல்லிருங்கக்கா. அக்டோபர்ல ஒரு நாளும் விட்டதில்ல. கடவுள் துணை இருப்பாரு."

போன் கட்டானது. சொல்வதற்கென்ன, அவருக்கு வீடு நிறைய ஆட்கள். கீழ்க்கணக்கில் மிச்சமிருந்த ஒரே வேதக்காரக் குடும்பம் யூஜினாவுடையது. குடும்பம் என்றால் அவள் ஒருத்தி. இருபது பேருக்கு அவித்த கடலை சட்டியில் கிடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டேனே, அதையுமா ஆண்டவரே?

ஆனாலும் முறையென்று ஒன்று இருக்கிறதே. மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு முழங்காலில் நின்றாள். முன்பாதியைச் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது பின்பாதி. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் பின்பாதி. முப்பத்தொரு வருஷப் பழக்கம், நாக்கு அந்த ஒரு தடத்தில்தான் ஓடியது. கடைசியில் அலுத்துப்போய், நீட்டி முழக்கும் புருஷன் எடுத்துக்கொண்ட நேரத்துக்குச் சும்மா இருந்துவிட்டு, பிறகு தன் பாதியை மட்டும் சொன்னாள். மாலையின் அடுத்த மணிக்கும் அப்படியே. மூன்றாவது மணியில் அந்தச் சும்மா இருக்கிற நேரம் தாங்க முடியாமல் போனது. மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த நேரம். தான் செத்தாலும் வீடு இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கையில் உருட்டிக்கொண்டிருந்த மாலையைச் சுருட்டினாள்.

"அருள் நிறைந்த மரியாயே..."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு காம்பராவில் தும்மினால் பக்கத்துக் காம்பராவில் கேட்கும். அங்கே இருப்பவள் மீனம்மா, மாரியம்மன் கோயில் தீமிதியில் முதல் ஆளாக இறங்குகிறவள். சூசைரட்ணம் இழுக்கும் இடத்தில் இழுத்து, மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, முன்பாதியை முழுசாகச் சொல்லி முடித்தாள்.

யூஜினா சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மீனம்மா? ஒனக்கு எப்பிடிடி தெரியும்?"

"அண்ணே போட்ட சத்தத்துக்கு இந்த லயத்துக்கே தெரியும்க்கா. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கேக்குறேன். ஒங்க பாதிதான் எனக்குத் தெரியாது, நீங்க முணுமுணுன்னு சொல்லுவீங்க. மாசியிலேருந்து சத்தமே இல்லையா, எனக்கு வெளக்கு வைக்கவே மறந்து போவுது. இன்னிக்கு நீங்க பாதி பாதியா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. கேக்கவே என்னமோ மாதிரி இருந்திச்சி. நான் சொன்னது தப்பாக்கா?"

"தப்பில்லடி."

கண்ணீர் மோவாயில் இறங்கிச் சொட்டியது. ஆண்டவரிடம் போட்ட சண்டையெல்லாம் என்ன ஆனதென்று யூஜினாவுக்கு அப்போது ஞாபகமே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாக்கா பேசாம இருக்கீங்க?" சுவருக்கு அப்பாலிருந்து மீனம்மா அதட்டினாள். "ஒங்க பாதிய சொல்லுங்க. நீங்க முடிச்சாத்தானே நான் அடுத்தத ஆரம்பிக்கலாம்? இன்னும் எத்தன இருக்கு?"

யூஜினா சுருட்டிய மாலையைப் பிரித்தாள்.

"நாப்பத்தேழு" என்றாள். பிறகு தன் பாதியை, மீனம்மாவுக்குக் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னாள்.