பல் தேயாத குதிரை

1994-ஆம் ஆண்டு மே மாதம், நரின் மலைகளில் உள்ள கராசாஸ் மேய்ச்சல் வெளியில், விதவை அக்மோரின் சாம்பல்நிறப் பெட்டைக்குதிரைக்கு முப்பத்தொரு வயது முடிந்தது. வாயைத் திறந்தால் நான்கு வயதுப் பல். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார், ஆமாம் என்றார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறந்த இரண்டு பெட்டைகளுக்கும் வயது ஏறவில்லை. குளம்பு பிளந்தால் விடிவதற்குள் கூடிவிடும்.

அக்மோருக்குப் பிள்ளை இல்லை. தான் போன பிறகு இந்த மலை முழுக்கத் தன் குதிரையின் வம்சமே மேய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வயதாகும் குதிரைகளையெல்லாம் கொழுந்தன் செயித்காஸியிடம் தள்ளிவிட்டாள். அவனும் மறுக்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

சிக்கல் ஒன்றுதான். மூப்பில்லாத குதிரைகள் ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஈன்றன. தின்ற புல்லெல்லாம் பல்லுக்கும் குளம்புக்கும் போய்விட்டது. குட்டி இல்லாமல் பால் இல்லை, பால் இல்லாமல் அதைப் புளிக்கவைத்துச் செய்யும் குமிஸ் இல்லை. குட்டிகளைக் கட்டும் நீளக் கயிறு அக்மோர் கூடாரத்தின் முன் வெறுமனே கிடந்தது. புளித்த பாலின் வாசனை பிடித்து வரும் விருந்தாளிகள் செயித்காஸி கூடாரத்துக்குத் திரும்பினார்கள்.

"அண்ணி, உங்க குதிரைங்களுக்குத் தன்னை அலங்காரம் பண்ணிக்கவே நேரம் பத்தல. எப்ப குட்டி போடுறது?"

"உன் குதிரைங்க இருபது வயசுல பல்லு கொட்டி நிக்கும். அப்ப பேசு."

"அதுக்குள்ள பன்னெண்டு போட்டிருக்குமே, அண்ணி."

ஓநாய்கள் பல்லைப் பார்ப்பதில்லை. சாம்பல் குதிரையின் ஒரு மகளை அவை கொண்டுபோயின. இன்னொன்று ஆற்றின் மேல் உறைந்த பனி உடைந்து மூழ்கிப்போனது, ஈன்ற குட்டியும் கூடவே. செயித்காஸிக்கு இழப்பு இதைவிட அதிகம். ஆனால் வசந்தம்தோறும் அவன் கயிறு நிறைந்தது. சில வருடங்களில் மலை முழுக்க அவன் குதிரைகள்தான்; பத்து வயதில் முதுகு குழிந்தவை, பதினைந்தில் நொண்டுபவை.

2011 மார்ச்சில் சாம்பல் குதிரையைப் பனிச்சரிவு மூடியது. தோண்டி எடுத்து, செயித்காஸி வாயைத் திறந்து பார்த்தான்.

"நாலு வயசுதான், அண்ணி."

அக்மோர் வெகுநேரம் அதன் பிடரியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட கிழடு ஏதாவது இருக்கா? வயித்துல குட்டியோட."

ஒன்றல்ல, நிறைய இருந்தன. முன்பல் இரண்டு போன, முதுகு குழிந்த ஒன்றை ஓட்டிவந்தான். அது மே மாதம் ஈன்றது. அந்தக் கோடையில் அக்மோர் கூடாரத்தில் குமிஸ் புளித்தது. விருந்தாளிகள் வந்தார்கள்.