அச்சு வைத்த இடம்

ராமுத்தாயின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு நாளாகிறது. சடையாண்டி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய், பழப் பையை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பியிருந்தான்.

“ஏந் தப்புத்தாண்ணே. வெங்காய மூட்டை அம்புட்டையும் பின்னாடி அடுக்கிட்டேன்” என்றாள் அவள். போலீஸிடமும் அப்படியே சொல்லியிருந்தாள்.

“ரெண்டு நடையா அடிச்சா என்ன? பேராசை புடிச்சவ!” என்று ராமுத்தாயின் மகள் அறிவுச்செல்வி அவளைக் கரித்துக்கொட்டினாள்.

வடமதுரைப் பாலத்து ஏற்றத்தில் ராமுத்தாய் ஓட்டிப்போன வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிட்டது. இருபது வருடம் மாட்டுவண்டி செய்த சடையாண்டி, கேட்க ஆளில்லாமல் போனபிறகு மோட்டாரும் பேட்டரியும் வைத்துச் செய்த முதல் மூன்று சக்கர வண்டி அது. அடுத்துச் செய்த இரண்டாவது வண்டி அவன் கொட்டகையில் நின்றது.

அதை விலைபேசியிருந்த செழியன், எடுத்துப்போக மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்தான்.

“பின்னாடி ஏறு, அப்பு” என்றான் சடையாண்டி. தானும் ஏறினான். இருவர் கனத்துக்கே முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது.

“ஏண்ணே, குதிரை கணக்காத் தூக்குது!” செழியன் சிரித்தான்.

“மாட்டுவண்டிக்கு வைக்கிற மாதிரியே பின்சக்கர அச்ச நடுவுல வச்சுப்புட்டேன். அங்க பின்பாரம் எறங்குனா மாட்டுக் கழுத்துல கட்டுன கயிறு புடிச்சு நிறுத்தும். இங்க எது புடிக்கும்?”

செழியனின் சிரிப்பு நின்றது. “இந்த வண்டிய நம்பி நேத்துத்தாண்ணே ரெண்டு மாட்டையும் கறிக்கு ஏத்திவிட்டேன்.”

சடையாண்டி கீழே இறங்கினான். கட்டிங் மிஷினை எடுத்து அச்சைப் பிடித்திருந்த இரும்பை அறுத்தான். பொறி பறந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டே செழியன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத ராமுத்தாய்க்கிட்ட சொல்லியாச்சா?”

“இல்ல.”

“ஏங்கிட்ட சொல்ற வாயி அங்க எங்க போச்சு?”

மிஷினை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான் சடையாண்டி.

ஆஸ்பத்திரியில் ராமுத்தாயின் கட்டிலருகே நின்றபடியே சொன்னான். அச்சு இருந்த இடம், இருந்திருக்க வேண்டிய இடம், அவள் மூட்டையை எப்படி அடுக்கியிருந்தாலும் அந்த ஏற்றத்தில் வண்டி என்றைக்காவது தூக்கியிருக்கும் என்பது, எல்லாவற்றையும்.

கால் இல்லாத இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. ராமுத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு நாளா என்னையவே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேண்ணே” என்றாள்.

அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

“எங்க போறீக? மக டீ வாங்கப் போயிருக்கா. அவ வரட்டும். அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க.”

சடையாண்டி நின்றான்.