ஓடு உடைக்கும் எந்திரம்

இலவங்காயின் ஓட்டை உடைப்பதில் யாருக்கும் சிரமமே இல்லை என்று ஹேமாவதி தன் அறிக்கையில் மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். அப்படியும் சித்திரை மாதம் வருசநாட்டில் வேனிலிருந்து இறங்கியது ஓடு உடைக்கும் எந்திரம்தான்.

ஹேமாவதிக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். கிராமங்களுக்குப் புதிய கருவிகள் செய்து தருகிற ஒரு தொண்டு நிறுவனத்தின் தேனி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். போன வருடம் மூன்று மாதம் வருசநாட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்து, இலவம்பஞ்சு பிரிக்கும் பெண்கள் பதினோரு பேரோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியவள் அவள்தான்.

அவர்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. காய் உடைப்பது மரத்தடியில் பேசிச் சிரித்துக்கொண்டே செய்கிற வேலை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். பஞ்சைக் குச்சியால் அடித்துக் கொட்டையைப் பிரிக்க வேண்டும். லேசாகக் காற்றுப் பட்டாலும் பஞ்சு பறந்துவிடும். அதனால் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு, மின்விசிறிகூட இல்லாமல், தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து அடிக்க வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது மூக்கிலும் தொண்டையிலும் இமையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பாதிப் பேருக்கு ஓயாத இருமல்.

"பஞ்சு ஒரு பொட்டிக்குள்ள இருக்கணும், நாங்க வெளிய இருக்கணும். அம்புட்டுத்தான் ஆத்தா வேணும்," என்று அந்தக் குழுவின் தலைவி மொக்கம்மாள் சொன்னதை ஹேமாவதி அப்படியே எழுதியிருந்தாள்.

இப்போது மொக்கம்மாள் இடுப்பில் கைவைத்தபடி எந்திரத்தைச் சுற்றி வந்தாள்.

"இது என்னம்மா செய்யும்?"

"காய் ஒடைக்கும்க்கா."

"ஒடச்சு?"

ஹேமாவதி குனிந்து, உடைந்த காய் வந்து விழும் தட்டைப் பார்த்தாள்.

"ஒடச்ச காய அள்ளிக்கிட்டு நாங்க மறுபடி கொட்டகைக்குள்ள போகணும். அப்படித்தான?" மொக்கம்மாளின் குரல் உயரவில்லை. "மூணு மாசமா எங்க வாயப் புடுங்குனியே, யாருகிட்டம்மா போய்ச் சொன்ன?"

அந்தக் கேள்வி ஹேமாவதியைச் சுட்டது. சென்னையில் வடிவமைத்தவர்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தெரிந்த முகம் இவளுடையது மட்டும்தான்.

திறப்பு விழாவுக்கு நிறுவனத்தின் இயக்குநர் சண்முகராஜ் வந்தார். மரத்தடியில் எந்திரம் கடகடவென்று ஓடியது. நிமிடத்துக்கு எத்தனை காய் உடைகிறது என்று கைபேசியில் பார்த்துச் சொன்னார். ஹேமாவதி அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினாள்.

"சார், அவங்க கேட்டது இது இல்ல. ரிப்போர்ட்ல எழுதியிருந்தேனே, படிச்சீங்களா?"

"படிச்சேன்மா. பிரிக்கிறது ரொம்ப சிக்கலான டிசைன். முதல்ல முடிஞ்சதைச் செய்வோம். வேகம் கூடினா அவங்களுக்கு நல்லதுதானே?"

பக்கத்தில் வந்து நின்ற மொக்கம்மாள், "சார், ஒரு அஞ்சு நிமிசம் கொட்டகைக்குள்ள வந்து உக்காருங்களேன்," என்றாள். மறுக்க முடியாமல் போனார். பெண்கள் கதவை அடைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு, கண் சிவந்து, தும்மிக்கொண்டே வெளியே வந்தார். இனிமேலாவது புரியும் என்று ஹேமாவதி நினைத்தாள்.

"எல்லாருக்கும் மாஸ்க் வாங்கிக் குடுத்துடலாம்," என்றார் சண்முகராஜ்.

"அதப் போட்டுப் பாத்தாச்சு சார். வேர்வையில நனஞ்சு மூஞ்சியோட ஒட்டிக்கிருது, மூச்சு விட முடியல," என்றாள் நதியா என்கிற பெண். அதற்குள் அவர் காரை நோக்கி நடந்துவிட்டார்.

கருத்துப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளது' என்ற கட்டத்தைக் குறித்து அனுப்பும்படி தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். ஹேமாவதி பதினோரு பேரிடமும் கேட்டாள். அவர்கள் சொன்னபடியே 'பயன்படவில்லை' என்று எழுதி அனுப்பினாள். அன்று மாலையே விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தவள், நான்கு வரி எழுதி, அழித்துவிட்டு எழுந்துகொண்டாள். எழுதி எழுதிக் கண்டதுதான் என்ன?

மறுநாள் விடுப்புப் போட்டாள். தேனியில் கடலை வறுக்கும் உருளைகள் செய்து தருகிற செல்வினின் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். "நேர்ல பாக்காம நான் இரும்ப வெட்ட மாட்டேன்," என்று அவர் அவளோடு பஸ் ஏறினார். அரை நாள் கொட்டகையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு மொக்கம்மாளிடம் ஒரு சாக்கட்டியைக் கொடுத்து, "பொட்டி எப்படி இருக்கணும்னு தரையில போடுங்கக்கா. கை எங்கன வரணும், கொட்டை எங்கன விழணும்?" என்று கேட்டார். மொக்கம்மாள் வெட்கப்பட்டாள். பிறகு வரைந்தாள். நதியா குறுக்கே புகுந்து பாதியை அழித்துத் திருத்தினாள்.

செல்வின் செய்துவந்த முதல் உருளையில் பஞ்சு அச்சில் கயிறுபோலச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது உருளையின் கைப்பிடி உயரமாக இருந்ததால் நின்றுகொண்டுதான் சுற்ற முடிந்தது. மூன்றாவதில் சரியாக வந்தது. மூடிய தகர உருளைக்குள் பஞ்சு அடிபட, அடியிலிருந்த கம்பி வலை வழியாகக் கொட்டை சாக்கில் விழுந்தது. மொக்கம்மாள் அதை மரத்தடிக்கு இழுத்துவந்து, உட்கார்ந்தபடி சுற்றினாள். சுற்றி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் பெண்கள் பதினோரு பேர், உருளை ஒன்று. பருவம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. மீதிப் பேர் முறைவைத்துக் கொட்டகைக்குள் போய்த்தான் அடித்தார்கள். ஓடு உடைக்கும் எந்திரத்தின் மேல் யாரோ சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். நிறுவனத்தின் மாத இதழில் அந்த எந்திரத்தின் படம் அட்டையில் வந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சண்முகராஜ் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஹேமா, அந்த உருளை நல்லா இருக்காமே! அளவெல்லாம் அனுப்பு. கம்பத்துப் பக்கம் ஐம்பது ஊர்ல வச்சிடலாம்."

"இங்கன இன்னும் பத்துப் பேருக்கு வேணும் சார். கம்பத்துப் பக்கம் பூரா திராட்சைத் தோட்டம். அவங்களுக்கு இது எதுக்கு?"

"அங்கயும் ஏதாவது பிரிக்கிற வேலை இருக்கும்லமா?"

ஹேமாவதிக்குச் சத்தம் போட வேண்டும்போல இருந்தது.

"அங்க யாராவது கேட்டாங்களா சார்?"

"நீ போய்க் கேளு. ஆனா அடுத்த மாசத்துக்குள்ள வச்சாகணும்."

"பத்து உருளை வருசநாட்டுக்கு வரட்டும், அப்புறம் போறேன்," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்தில் அவர் பேசி முடிக்குமுன் அவள் துண்டித்தது அதுதான் முதல்முறை. திரும்ப அவர் கூப்பிட்டபோது எடுக்காமல், பத்து உருளைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கச் செல்வினின் எண்ணைத் தேடினாள்.