அழுகைக்குப் போட்ட கணக்கு

இடது தாடையில் மூன்றாவது தடவை இழுத்தபோதும் சவரக் கத்தியோடு தோலும் சேர்ந்தே வந்தது. சின்னவன் கத்தியை எடுத்துவிட்டு, இரண்டு விரலால் அண்ணனுடைய கன்னத்தைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்தான். பிடிப்பதற்குச் சதை இல்லை. எலும்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்திய மாதிரி இருந்தது.

"நாங்களே பண்ணிடுவோம்ணே. வெளியில வண்டி நிக்குது," என்றான் பிணவறைக்காரன்.

"நிக்கட்டும். எங்கண்ணன் ஒருநாளும் தாடியோட கிளாசுக்குப் போனதில்ல."

"இப்ப கிளாசுக்கா போறாரு?"

"அங்கதான் கொண்டு போறாங்க."

உண்மைதான். அடக்கம் செய்வதற்கு முன் ஒரு மணி நேரமாவது கல்லூரியில், அண்ணன் பாடம் நடத்திய அரங்கில், உடலை வைக்க வேண்டும் என்று அவரிடம் படிக்கும் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். சின்னவனுக்கு அதில் பெருமைதான். ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்த முதுகு கடுத்தது. நகக்கண்ணில் கப்பலுக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. அந்தக் கையால் அண்ணன் முகத்தைத் தொடக் கூச்சப்பட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் மனைவி போனில், "பெரியவரு ரத்தமா வாந்தி எடுத்துட்டாரு, உடனே கிளம்பி வாங்க," என்றாள். அவன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றுப்புண் ஒரு ஆளை இப்படியா உருக்கும்? மூன்று மாதத்துக்கு முன் துறைமுக வேலைக்குக் கிளம்பியபோது, அண்ணன் சமையலறை மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான்.

"போகட்டுமா, வேணாமாண்ணே? ஒத்த வார்த்தையில சொல்லு."

"போடா."

"வயிறு?"

"வயித்துப்புண்ணுதாண்டா. உன் சமையலைத் தின்னா யாருக்குத்தான் வராது? நீ போ, அதுவா ஆறிடும்."

அவன் போனான். அண்ணன் கணக்குத் தெரிந்தவர். கல்யாணம் கட்டாமல், தம்பி வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, உயிர்கள் பெருகுவதையும் அழிவதையும் கணக்காக எழுதுகிறவர். 'மீனை எண்ணுறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?' என்று சின்னவன் ஒரு தடவை கேட்டதற்கு, 'எண்ணாமலே சொல்றதுக்குடா' என்று சிரித்தவர். அப்படிப்பட்டவர் போ என்றால் போகலாம் என்றுதான் அவன் போனான். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரங்கு படிப்படியாக மேலே ஏறியது. உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் படிகளில் நின்றார்கள். அண்ணன் புத்தகம் வைக்கும் நீள மேசையில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சின்னவன் கால்மாட்டில் நின்றான். அவன் மனைவி சுவரோரம் நின்றாள். துறைத்தலைவி, கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மா, மைக் இல்லாமலே பேசினார்.

"குளத்துல மீன் பெருகுறதையும் உடம்புல கட்டி பெருகுறதையும் ஒரே மாதிரி சமன்பாட்டுல எழுதலாம்னு சார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார். இந்த வருஷம் ஒரு நோயாளியோட கட்டியைத்தான் பாடமா எடுத்தார். ஒவ்வொரு ஸ்கேன் வந்ததும் போர்டுல ஒரு புள்ளி வைப்பார். அடுத்த புள்ளி எங்க விழும்னு உங்களைச் சொல்லச் சொல்வார். மூணாவது புள்ளியிலயே அந்த நோயாளி யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க யாரும் கேக்கல. அவரும் சொல்லல. கடைசி வகுப்புல சாக்பீசைக் கீழ வச்சுட்டு, 'இந்த ஆளுக்கு நம்ம நன்றியைச் சொல்லணும், ஒழுங்கா ஸ்கேனுக்குப் போனாரு'ன்னாராம். எல்லாரும் சிரிச்சீங்களாம். அப்புறம் ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலையாம்."

படிகளில் விசும்பல் கேட்டது. எல்லாத் தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின. சின்னவன் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தான்.

"யாருக்கும்மா கட்டி?"

அந்தப் பெண் அழுத முகத்தோடு திரும்பினாள். "சாருக்குத்தான். நீங்க அவரோட தம்பிதானே?"

அவன் அரங்கைக் கீழிருந்து மேல்வரைக்கும் ஒரு தடவை பார்த்தான். பெஞ்சு பெஞ்சாக, விஷயம் தெரிந்தவர்கள்.

கூட்டம் வரிசையாக மேசையைச் சுற்றத் தொடங்கியபோது, வெளித் தாழ்வாரத்தில் துறைத்தலைவியை மறித்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்மா?"

"நீங்க துறைமுகத்துக்குப் போறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா?"

"நான் சண்டை போட்டேன். தம்பிகிட்ட சொல்லிடுங்க சார்னு கெஞ்சினேன். அவரு மேசையில விரலால கோடு போட்டுக் காட்டினாரு. 'இப்பவே சொன்னா, நான் போற வரைக்கும் அழுவான், போனப்புறமும் அழுவான். கடைசியில சொன்னா, போனப்புறம் மட்டும்தான் அழுவான். மொத்தத்துல பாதி குறையுது, இல்லியா?'ன்னாரு."

"என் அழுகையையுமா கூட்டிக் கழிச்சான்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வந்ததும் எல்லாத்தையும் சொல்லிடணும்னு வச்சிருந்தாரு. ஒரு வாரம் லீவு போட்டு உங்ககூடவே இருக்கணும்னு. அவரு போட்ட கோட்டுப்படி அதுக்கு நேரம் இருந்துச்சு. கடைசியில கட்டி அந்தக் கோட்டைக் கேக்கல. பாய்ஞ்சிருச்சு."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு வந்த சிரிப்பு.

"அப்ப தப்பாயிடுச்சு. ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்னவன். தப்பாயிடுச்சு, என்ன?"

"அவர் பொல்லாதவர் இல்லைங்க."

"நான் அதைக் கேக்கலம்மா. நான் அங்க கப்பல் வயித்துல தொங்கிக்கிட்டு, இவனுக்குப் புண்ணு ஆறிட்டு வருதுன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்லிச் சொல்லிப் பெயிண்ட் அடிச்சேன். மூணு மாசம். அந்த மூணு மாசம் என்னுது. அதை எடுத்து உங்க பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டான்."

"உங்க வீட்டம்மாகூட அவர்கிட்ட…" என்று தொடங்கிய அந்த அம்மா, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

சின்னவன் திரும்பினான். குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவன் மனைவி கையில் நிறைந்த டம்ளரோடு நின்றாள். அவனுக்காகப் பிடித்த தண்ணீர். அவள் கிட்டே வரவுமில்லை, தள்ளிப் போகவுமில்லை.

"உனக்கும் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல என்ன சொன்ன? நல்லாத் தூங்குறாரு, ரெண்டு வாய் கூடவே சாப்பிடுறாருன்னு சொன்னியா இல்லியா?"

"அவரு பக்கத்துலயே உக்காந்து என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுப்பாருங்க. நான் சொல்லும்போது வார்த்தை தடுமாறினா போனைப் பிடுங்கி அவரே பேசுவாரு."

கப்பலுக்குப் பொட்டு வச்சாச்சா, கண்ணுக்கு மை போட்டாச்சா என்று அண்ணன் கேலி பண்ணிய ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு ஞாபகம் வந்தன. இவன் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல."

"சத்தியம் வாங்கிட்டாரு."

"யாரு மேல?"

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்க தலை மேலதான்."

உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். "அண்ணா, தூக்கப் போறோம். தலைமாட்டுல நீங்க பிடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"நான் எதுக்கு? கூட இருந்தவங்க தூக்குங்க."

"அண்ணா…"

"எல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதானப்பா. நீங்களே தூக்குங்க."

பையன் துறைத்தலைவியைப் பார்த்தான். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவன் போய்விட்டான். சின்னவன் தாழ்வாரத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போனார்கள். எட்டுப் பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு. மழுங்கச் சிரைத்த அந்தத் தாடை வெயிலில் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. மனைவி ஏற்கனவே உள்ளே ஏறி ஒரு பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இறங்கி நின்றார்கள்.

"சொந்தக்காரங்க வேற யாரும் இல்லியா? கதவைச் சாத்தவா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஓட்டுநர் கதவில் கை வைத்தார். சின்னவன் தூணை விட்டு நகர்ந்து வந்து, யாரையும் பார்க்காமல், ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தான்.

வண்டி கிளம்பியது. இருவருக்கும் நடுவில் அண்ணன் கிடந்தார். மனைவி டம்ளரை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தாள். கை வெறுமனே மடியில் கிடந்தது.

"ஏங்க," என்றாள் ஒரு தடவை.

அவன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தான். கல்லூரி மதில் போய், கடைகள் போய், இரும்புப் பட்டறை ஒன்று போயிற்று.

கடைத்தெரு முனையில் வேகத்தடை ஒன்று இருந்தது. ஓட்டுநர் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. அண்ணனுடைய தலை, அவரைக் கிடத்தியிருந்த பலகையின் ஓரத்துக்கு உருண்டது. சின்னவனுடைய கை போய்ப் பிடித்தது. அதே நேரத்தில் அவளுடைய கையும் பாய்ந்து வந்து அவன் கை மேல் விழுந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள்.

பிறகு அவன் தன் கையை அடியிலிருந்து உருவிக்கொண்டான். தலையின் மறுபக்கம், காதுக்குக் கீழே, உள்ளங்கையைக் குழித்து வைத்தான். அவள் கை இந்தப் பக்கம், அவன் கை அந்தப் பக்கம். முன்னால் ரோடு நெடுகப் பள்ளமாகத்தான் இருந்தது.