வெங்கடம்மாவின் குடிசையில் பாலாறு

1893ஆம் வருஷம் சித்திரை மூன்றாம் தேதி காலையில், மாரிகுப்பத்தில் வெங்கடம்மாவின் குடிசைக்குள் பாலாறு வந்து சேர்ந்தது. மேற்குத் தட்டியில் நுழைந்து, முழங்கால் ஆழத்தில் ஓடி, கிழக்குத் தட்டியில் மறைந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. மணலை அள்ளிப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இந்த ஆறு வற்றித்தான் வாணியம்பாடிப் பக்கத்துக் கழனி காய்ந்தது. அதனால்தான் அவள் புருஷன் காத்தவராயன் இங்கே தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கிக் கல் உடைக்கிறான்.

மூன்றாம் நாள் மேல்கரை விவசாயிகள் தடியோடு வந்தார்கள். ஆறு பிறந்தது எங்கள் மண்ணில், அணை கட்டுவது எங்கள் இஷ்டம் என்றார்கள். கீழ்க்கரைக்காரர்கள், பாட்டன் காலத்துப் பாத்தியதை என்று அரிவாளோடு வந்தார்கள். நாற்பது வருஷச் சண்டையை அவள் வீட்டுக்குள்ளேயே பதினெட்டு நாள் போட்டார்கள். ஏழு மண்டை உடைந்தது. அடுப்பு கரைந்து போனது. வீட்டுக்காரியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் இரு கரையும் சேர்ந்து ஒரு மடத்துச் சாமியை அழைத்து வந்தன. இரண்டென்பதே இல்லை, மேலாறு கீழாறு என்பது மாயை, ஆறு ஒன்றே என்று அவர் அரை நாள் பேசினார். இரு தரப்பும் கட்டிப்பிடித்து அழுதன. ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. சுரங்கத்துச் சேரி ஜனம் மட்டும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார்கள். சாமியும் தலையசைத்தார். வேதாந்தமும் வாய்க்கால் சண்டையும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

வெங்கடம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“இன்னா சாமி, எல்லாம் ஒண்ணுன்னீங்களே. அந்த ஒண்ணுல நான் எங்க கீறேன்?”

“அது ஆத்மாவுக்குச் சொன்னதம்மா. உடம்பு வேறே.”

“ஆத்மாவுக்குத் தாகம் எடுக்குமா?”

“எடுக்காது.”

“அப்போ ஆத்மா கீறவங்க அப்பால போங்க. உடம்பு கீறவ குடிச்சிக்கிறேன்.”

இறங்கி, இரு கையாலும் அள்ளி வயிறு நிறையக் குடித்தாள். ஆறு ஒன்றே என்று சாமியே சொல்லிவிட்டதால், நந்தி மலையிலிருந்து கடல் வரை முழு ஆறும் அந்தக் கணமே தீட்டாயிற்று. இரு கரைக்காரர்களும் இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். சத்தியம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் நண்பகலில், அவரவர் ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிக் குடித்தார்கள். சாமி கமண்டலத்தில் மொண்டுகொண்டார்.

ஆறு போகவில்லை. காத்தவராயன் கட்டிலைக் கல்மேல் தூக்கி வைத்தான்; ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்குள்ளேயே குளித்தான். ஆடியில் கெண்டை வந்தது. வெங்கடம்மா பரண்மேல் புது அடுப்புப் போட்டுக் குழம்பு வைத்தாள்.